நாலு பேர் படம்

மூன்று பேரை வரைவதில் ஒடீலியாவுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அப்பா, அம்மா, மகள். ஆளுக்கு மூன்று புகைப்படம் வேண்டும்: நேராகப் பார்க்கிற மாதிரி ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பல் தெரியச் சிரிக்கிற மாதிரி ஒன்று. அது கிடைத்துவிட்டால் சில வாரத்தில் வரைந்து, சட்டம் போட்டுக் கையில் கொடுத்துவிடுவாள். நாலாவது ஆள்தான் சங்கடம்.

"இவனை எத்தனை வயசுல போடட்டும்?" என்று கேட்டாள்.

படம் வரையச் சொல்ல வந்திருந்த வீட்ஸ்கே மேசைமேல் கிடந்த தன் மகனின் புகைப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி அவள் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. கீழே சைக்கிள் கடையில் யாரோ மணியை அடித்து அடித்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

அஸ்ஸன் நகரத்தில் அந்தக் கடையின் மாடிதான் ஒடீலியாவின் வேலை அறை. பிறந்தநாள், கல்யாண நாள், ஓய்வு பெறும் நாள் என்று பரிசு கொடுக்கிறவர்கள் அவளிடம் குடும்பப் படம் வரையக் கொடுப்பார்கள். தெற்கே லிம்பர்க் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். கல்யாணம் போய்விட்டது, அவள் மட்டும் இங்கேயே தங்கிவிட்டாள். செத்தவர்களையும் சேர்த்து வரையச் சொல்லிக் கேட்பவர்கள் அவளுக்குப் புதிதில்லை. சிலர் வானத்தில் ஒரு நட்சத்திரமாகப் போடச் சொல்வார்கள், சிலர் பின்னால் மங்கலாக நிறுத்தச் சொல்வார்கள். ஒருத்தி இறக்கை வைக்கச் சொல்லியிருக்கிறாள். ஒடீலியா அதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள்.

வீட்ஸ்கேக்குக் கோபம் வந்துவிட்டது. "இறக்கையெல்லாம் அவன் வெச்சுக்க மாட்டான்," என்றாள். "பத்தொன்பது போடுங்க. இப்ப இருந்தா அவனுக்குப் பத்தொன்பது."

மகன் தைமன் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. அந்த ஜனவரியில் கால்வாய் நன்றாக உறைந்திருந்தது. ஊரே பரணில் கிடந்த சறுக்குக் காலணிகளை இறக்கித் துடைத்தது. அவன் அப்பா ரூலஃப் காலையிலேயே இறங்கி, குதிகாலால் நாலு உதை உதைத்துப் பார்த்துவிட்டு, "தாங்கும், போ" என்றான். தாங்கத்தான் செய்தது. பாலத்துக்கு அடியில் மட்டும் தாங்கவில்லை. பாலத்தடியில் பனி மெலிசாக இருக்கும், அங்கே கரையேறி நடந்து, தாண்டிப் போய்த்தான் மறுபடி இறங்க வேண்டும். அது அந்தப் பக்கத்தில் பல் முளைக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். தைமனுக்கும் தெரியும். ஆனால் அப்பாவே தாங்கும் என்று சொல்லிவிட்டாரே, அப்புறம் என்ன.

அதற்கப்புறம் ரூலஃப் அழவில்லை, கத்தவில்லை, குடியில் விழவில்லை. வழக்கம்போல் விடியுமுன் எழுந்து பால் லாரியை எடுத்துக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போனான். மகனுடைய பெயரைச் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டான். கூடத்துச் சுவரிலிருந்த படங்கள் ஒருநாள் பரணுக்குப் போயின. யாராவது எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், "மாரிட்னு ஒரு பொண்ணு" என்பான். அது பொய்யும் இல்லை. வீட்ஸ்கே அவனை ஒருநாளும், ஒரு வார்த்தை குற்றம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை, இரண்டு பேரும் சண்டை போட்டு ஓய்ந்திருப்பார்கள் என்று அவளுடைய நாத்தனார் யான்னா சொல்வாள். யான்னாவுக்கென்ன, சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விடலாம். அவன் எதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்கு தின்ன வேண்டியவள் வீட்ஸ்கேதான்.

இப்போது ரூலஃபுக்கு ஐம்பது ஆகப்போகிறது. அந்த வயதுக்கு ஒருத்தனுக்கு என்ன கொடுப்பது? கைக்கடிகாரம் கட்ட மாட்டான், பயணம் போக மாட்டான். நாலு பேரும் ஒன்றாக நிற்கிற ஒரு படம் கொடுக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. நீ உடைத்த குடும்பம் இல்லையடா இது, எல்லாரும் இருக்கிறோம், அவனும் இருக்கிறான் என்று வாயால் சொல்ல முடியாததைப் படம் சொல்லிவிடும். அதைப் பார்த்ததும் ரூலஃப் ஒரே ஒரு தடவை "தைமன்" என்று சொல்லிவிட்டால் போதும். அதற்குமேல் அவளுக்கு ஆசை இல்லை.

ஒடீலியா முதலில் தயங்கினாள். இல்லாத முகத்தைத் தன்னால் உண்டாக்க முடியாது, தன் கை எல்லாப் பையன்களுக்கும் போடுகிற ஒரு பொது முகத்தைத்தான் போடும் என்று ஒளிக்காமல் சொன்னாள். கண் மாறாது, கண்ணுக்குக் கீழேதான் முகம் நீளும், மூக்கு எலும்பு எழும்பும், தாடை இறங்கும். எவ்வளவு என்பதை ரத்தம்தான் சொல்ல வேண்டும். ஆகவே ரூலஃப் பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் கட்டாய சேவை செய்தபோது எடுத்த படம் வேண்டும், வீட்ஸ்கேயின் அந்த வயதுப் படம் வேண்டும், அவள் தம்பியின் படமும் இருந்தால் நல்லது என்றாள். "மத்ததை நீங்கதான் சொல்லணும். நான் கேப்பேன். நீங்க சொல்லிட்டே இருக்கணும்."

அப்படித்தான் வியாழக்கிழமைகள் ஆரம்பித்தன. வீட்ஸ்கே வேலை பார்க்கிற நாற்றுப்பண்ணையில் வியாழக்கிழமை அவளுக்கு அரைநாள். மதியம் பேருந்து பிடித்து அஸ்ஸன் போவாள், இருட்டுமுன் வந்துவிடுவாள்.

முதல் பென்சில் படம் அச்சு அசல் ரூலஃப். பட்டாளத்து ரூலஃபுக்கு முடி மட்டும் வளர்த்துவிட்ட மாதிரி இருந்தது. இரண்டாவது படத்தில் ஒரு அழகான பையன் இருந்தான், சோப்பு விளம்பரத்துக்குப் போகலாம். வீட்ஸ்கே அதைத் தள்ளி வைத்துவிட்டு, இவனை எனக்கு யாரென்றே தெரியாது என்றாள். மூன்றாவதில் என்னவோ நெருங்கி வந்தது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகப் போகிற வேலைதான் இது என்று ஒடீலியாவே அலுத்துக்கொண்டாள், அழிப்பானை எடுத்தாள், மறுபடி கேட்டாள்.

அவள் கேட்ட கேள்விகள் இருக்கிறதே! பல்லைப் பற்றி ஒரு நாள் முழுவதும். சைக்கிளிலிருந்து விழுந்து தைமனுக்கு முன்பல்லில் ஒரு மூலை உடைந்திருந்தது. அதை வளர்ந்த பிறகு சரி செய்திருப்பீர்களா என்று ஒடீலியா கேட்டாள். நான் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருப்பேன், அவன் வந்திருக்க மாட்டான் என்றாள் வீட்ஸ்கே. பதினைந்து வயதில் இழுத்துக்கொண்டு போயிருக்கலாமே? பதினைந்தில் அவனை யார் இழுப்பது, என்னைவிட ஒரு சாண் உயரம். சொல்லிவிட்டு வீட்ஸ்கேக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் எவ்வளவு உயரம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தது, அவ்வளவுதான். உடைந்த பல் அப்படியே இருந்தது.

தாடி வளர்ப்பானா? அம்மாவைக் கடுப்பேற்றவாவது நாலு மயிர் விட்டிருப்பான். காதில் கடுக்கன்? பதினாறில் போட்டு, கோடை விடுமுறை முடிவதற்குள் அவனே கழற்றியிருப்பான். கண்ணாடி போடுவானா என்பதில் இரண்டு பேருக்கும் வாக்குவாதமே வந்தது. வீட்ஸ்கே பன்னிரண்டில் கண்ணாடி போட்டவள், தம்பியும் போட்டவன். ரத்தப்படி பார்த்தால் போட வேண்டும். அவள் கெஞ்சிக் கேட்டு வேண்டாம் என்றாள், கண்ணை மறைக்கும். சரி, படம் எடுக்கும்போது கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான் என்று வைத்துக்கொள்வோம் என்று ஒடீலியா சமாதானம் செய்தாள். சட்டைப்பையில் கண்ணாடியின் ஒரு காது மட்டும் எட்டிப் பார்த்தது.

பேருந்தில் திரும்பும்போது வீட்ஸ்கே ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குள் சிரித்துக்கொண்டே வருவாள். அவனுக்கு என்ன படிப்பு என்பதையும் அப்படி ஒரு பயணத்தில்தான் முடிவு செய்தாள். க்ரோனிங்கன் நகரத்தில், தண்ணீர்ப் பொறியியல். படத்துக்கு அது தேவையே இல்லை, ஒடீலியா கேட்கவும் இல்லை. பெற்ற மனம் பித்து என்பது சும்மாவா.

மகள் மாரிட்டின் படங்களை ஒடீலியா இரண்டு தடவை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை வீட்ஸ்கே அலமாரியில் கைக்குக் கிடைத்த பள்ளிக்கூடப் படங்களை உறையோடு கொண்டுவந்து கொடுத்தாள். சமீபத்துப் படம்தானே என்று ஒடீலியா கேட்டபோது, ஆமாம் ஆமாம், அவள்தான் என்று சொல்லிவிட்டு மகனுடைய தாடைக்குத் திரும்பிவிட்டாள்.

வீட்டில் ரூலஃப் ஒன்றும் கேட்கவில்லை. பத்து வருஷமாகப் பாட்டு முணுமுணுக்காத பெண்டாட்டி, வியாழக்கிழமை சாயங்காலமானால் பாத்திரம் கழுவிக்கொண்டே முணுமுணுக்கிறாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அஸ்ஸன் பேருந்தில் அவளைப் பார்த்தவர்கள் யான்னாவிடம் சொன்னார்கள், யான்னா தன் தம்பி ரூலஃபிடம் சாடையாகச் சொன்னாள். ஒரு புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அவன், "நாளைக்கும் போறியா?" என்றான். "ஆமா" என்றாள். அவன் தலையை ஆட்டிவிட்டுத் தன் கோப்பையைத் தானே எடுத்துப்போய்க் கழுவினான். பிறந்தநாள் ரகசியம் அவனுக்குத் தெரிந்துவிடக்கூடாதே என்பதுதான் அவள் கவலை. அவன் முகத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

தைமன் ஒரு மழை நாளில் வந்தான். ஒடீலியா ஒரு பக்கத்துப் புருவத்தை மட்டும் அழித்து, மயிரிழை மேலே தூக்கிப் போட்டாள். வேறொன்றும் செய்யவில்லை. வீட்ஸ்கே மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மழையில் நனைந்த கோட்டோடு கதவைத் திறந்து, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்கப்போகிற முகம். "வந்துட்டான்," என்றாள். அப்புறம் அழுதாள். ஒடீலியா எழுந்து போய் ரொம்ப நேரம் காபி போட்டாள்.

திரும்பி வந்தவள், மை போடுவதற்கு முன்னால் ஒரு விஷயம் என்று ஆரம்பித்தாள். இந்த மாதிரிப் படத்தை முதலில் வீட்டில் இன்னொருவருக்குக் காட்டிவிடுவது வழக்கம். பென்சிலாக இருக்கும்போதே கணவருக்குக் காட்டிவிடுங்கள் என்றாள். அப்புறம் எப்படி அது பிறந்தநாள் பரிசாகும் என்று வீட்ஸ்கே மறுத்துவிட்டாள்.

"நீங்க ஒவ்வொரு வாரமும் இவனைக் கொஞ்சம் கொஞ்சமா பாத்துட்டு வந்தீங்க," என்றாள் ஒடீலியா. "அவரு ஒரே நாள்ல பாக்கணும். அதுவும் நாலு பேர் முன்னாடி."

"எனக்கு அவரைத் தெரியும்," என்றாள் வீட்ஸ்கே.

பிறந்தநாளன்று விடிந்தபோது வாசல் தோட்டத்தில் வைக்கோல் ஆபிரகாம் உட்கார்ந்திருந்தான். ஐம்பது ஆனவன் பைபிள் கிழவன் ஆபிரகாமைப் பார்த்துவிட்டான் என்பது அந்தப் பக்கத்து வழக்கு. அக்கம்பக்கத்தார் பழைய சட்டை, பழைய தொப்பி மாட்டி ஒரு வைக்கோல் கிழவனைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். கையில் ஒரு பால் குடுவையும் கொடுத்திருந்தார்கள். ரூலஃப் அதைப் பார்த்து, என்னைவிட இவன் இளமையாக இருக்கிறான் என்று சொன்னான். அவன் வேடிக்கையாகப் பேசி எத்தனை நாளாயிற்று! நல்ல சகுனம்தான் என்று வீட்ஸ்கே நினைத்துக்கொண்டாள்.

மதியத்துக்கு மேல் விருந்தாளிகள் வந்தார்கள். கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டாயிற்று. வந்தவர்கள் வட்டத்தைச் சுற்றி ஒவ்வொருத்தர் கையாகக் குலுக்கிக்கொண்டு போனார்கள். பிறந்தநாள்காரனுக்கு மட்டும் வாழ்த்துச் சொல்லி உட்கார்ந்துவிட்டால் அது மரியாதை இல்லை. பெண்டாட்டியிடம் உங்கள் கணவருக்கு வாழ்த்து, மகளிடம் உன் அப்பாவுக்கு வாழ்த்து, அக்காவிடம் உங்கள் தம்பிக்கு வாழ்த்து. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த இனேகேயும் வந்திருந்தாள். நல்ல மனுஷி, கலகலவென்று பேசுகிறவள், தெற்கு நகரம் ஒன்றிலிருந்து வந்தவள். அவள் யாரையும் விடாமல் வாழ்த்திவிட்டு உட்கார்ந்தாள். காபியும் ஆளுக்கொரு துண்டு கேக்கும் சுற்றி வந்தன.

வீட்ஸ்கே உள்ளே போய்ப் படத்தைக் கொண்டுவந்தாள். பழுப்புக் காகிதத்தை ரூலஃப் கிழிக்கவில்லை, ஒட்டுநாடாவை நகத்தால் பொறுமையாக எடுத்தான். அவள் எதிரே நின்றாள். இதோ, இப்போது சொல்லிவிடுவான்.

அவன் பார்த்தான். நாலு பேர் கால்வாய்க் கரையில் நிற்கிறார்கள், பின்னால் கோடைகாலத்துப் பச்சை. நடுவில் அவனும் அவளும். அவள் பக்கத்தில் மாரிட், அவன் பக்கத்தில் அவனைவிட உயரமாக ஒரு வாலிபன், உடைந்த பல் தெரியச் சிரித்துக்கொண்டு. ரூலஃப் ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு, "ரொம்ப நல்லா இருக்கு. நன்றி," என்று சொல்லிவிட்டு, கேக் தட்டை நகர்த்துவதுபோல் அதை இடதுபக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டான்.

படம் வட்டம் சுற்றியது. ஊர்க்காரர்கள் பார்த்தார்கள், புரிந்துகொண்டார்கள், சட்டம் அழகாக இருக்கிறது என்றார்கள். யான்னா உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்தவரிடம் தள்ளினாள். கடைசியில் அது இனேகேயின் மடிக்கு வந்தது.

"அடேயப்பா, மூத்தவனா இது? அப்படியே அப்பா ஜாடை," என்றாள் இனேகே. "எங்க, ஆளைக் காணோமே?"

"க்ரோனிங்கன்ல படிக்கிறான்," என்றாள் வீட்ஸ்கே. "பரீட்சை நேரம். வர முடியல."

யோசித்துச் சொன்னதில்லை அது. ஏமாற்ற நினைத்ததும் இல்லை. அத்தனை வியாழக்கிழமைகளும் சேர்ந்து அவள் வாயிலிருந்து சர்வசாதாரணமாக வந்து விழுந்துவிட்டன. இனேகே, அடடா, பாவம், பிள்ளைக்கும் வாழ்த்துச் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டே படத்தை அடுத்தவரிடம் நீட்டினாள். வாங்க யாரும் கையை நீட்டவில்லை. ரூலஃப் எழுந்தான். மேசைமேல் இருந்த காபிக் குடுவையை, பாதிக்குமேல் நிரம்பியிருந்ததைக் காலி என்பதுபோல் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டான். பின்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

யாருக்குப் பாலாடைக்கட்டி வேண்டும் என்று யான்னா தேவைக்கு மேல் உரக்கக் கேட்டாள். வீட்ஸ்கே சமையலறைக்குள் போய், அதற்குத் தொட்டுக்கொள்ளக் கடுகுச் சாந்தை ஒரு கிண்ணத்தில் போட்டாள், இன்னொரு கிண்ணத்திலும் போட்டாள். மகள் பின்னாலேயே வந்து கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள். பதினேழு வயது, ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டிய முடி.

"மா, அந்தப் படத்துல உன் பக்கத்துல நிக்கிறது யாரு?"

"என்னடி கேள்வி இது. நீதான்."

"எனக்கு எங்க அவ்வளவு நீள முடி? வெட்டி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. வெட்டிட்டு வந்த அன்னிக்கு நீதான் நல்லா இருக்குன்னு சொன்ன. படத்துல பல்லுக்குக் கம்பிகூடப் போட்டு வெச்சிருக்காங்க, நான் அந்தக் கம்பிய எடுத்தது உனக்கு ஞாபகம் இல்லையா?"

வீட்ஸ்கே திரும்பினாள். மகளை உச்சி முதல் பார்த்தாள். காதோரம் ஒரு மச்சம் இருக்கிறது, அது முன்பு முடிக்குள் மறைந்திருந்தது. அதை இப்போதுதான் பார்க்கிறாள். மன்னிச்சுக்கோ என்று சொல்ல வாயெடுத்தாள்.

"பரவால்ல விடு," என்றாள் மாரிட். "அவன் எப்படி வளந்திருப்பான்னு உனக்குத் தெரியுது. நான் பக்கத்து ரூம்லதான் வளர்றேன்." சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. இரண்டு கடுகுக் கிண்ணங்களையும் எடுத்துக்கொண்டு விருந்தாளிகளிடம் போனாள்.

வீட்ஸ்கே கைப்பிடித் துணியைக் கையில் பிடித்தபடியே பின்கதவைத் திறந்துகொண்டு கொட்டகைக்குப் போனாள்.

ரூலஃப் சைக்கிள்களுக்கு நடுவே ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தான். காபிக் குடுவை காலடியில் இருந்தது. அவள் கோபத்தை எதிர்பார்த்து வந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவனோ அவளுக்கு உட்கார ஒரு பழைய பெட்டியை இழுத்துப் போட்டான்.

"உனக்கு வேற யாரோ இருக்காங்கன்னு நெனச்சேன்," என்றான். "அஸ்ஸன்ல. யான்னாவும் சொன்னா."

"ரூலஃப்..."

"போயிட்டு வரட்டும்னு விட்டுட்டேன். சிரிச்சுக்கிட்டு வந்தியே. பத்து வருஷம் கழிச்சு நீ சிரிக்கிற, அதைக் கேக்க நான் யாரு? நான் செஞ்ச காரியத்துக்கு." அவன் கையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "ஆளு இருந்திருந்தா தாங்கியிருப்பேன் வீட்ஸ்."

அவள் பேச ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்: பல்லை, தாடியை, கண்ணாடியை, மழை நாளை, உனக்காகத்தான் செய்தேன், நீ அவன் பெயரை ஒருதடவை சொல்லிக் கேட்க வேண்டும் என்றுதான் செய்தேன் என்பதை. அவள் முடித்ததும் அவன் தலையை நிமிர்த்தினான்.

"அது தைமன் இல்ல," என்றான்.

பத்து வருஷம் கழித்து அவன் வாயில் அந்தப் பெயர். எவ்வளவு சுலபமாக வந்தது! தினமும் புழங்குகிற பெயரை ஒருத்தன் சொல்வதுபோல் வந்தது. அந்தச் சுலபம்தான் அவளைத் திடுக்கிட வைத்தது.

"தைமனுக்கு ஒன்பது வயசு," என்றான் ரூலஃப். "தெனம் காலைல பாலத்துக்கிட்ட லாரிய நிறுத்துவேன். யாரும் எந்திரிச்சிருக்க மாட்டாங்க. அவன்கிட்ட கொஞ்ச நேரம் பேசிட்டுப் போவேன். எந்தப் பண்ணையில கன்னு போட்டுச்சு, மாரிட் என்ன பண்றா, எல்லாம். மாரிட் முடி வெட்டிக்கிட்டதைச் சொன்னப்ப அப்படிச் சிரிச்சான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள் அவள்.

"எப்படிச் சொல்றது? உன்கிட்டருந்து பறிச்சவன் நான். என்கிட்ட மட்டும் இருக்கான்னு உன்கிட்ட வந்து சொல்லவா?" அவன் கண் கலங்கியது, அதைத் துடைக்கவில்லை. "இந்தப் பையன் நல்ல பையன்தான். பாத்தாலே தெரியுது. நல்லாத்தான் வளத்திருக்க. ஆனா நீ தனியா வளத்துட்ட வீட்ஸ். எனக்கு இவனைத் தெரியாது. இவன் என்னைப் பாத்துச் சிரிக்கிறான், எதுக்குச் சிரிக்கிறான்னே எனக்குத் தெரியல."

அவள் அவன் கையைப் பிடித்தாள். அவன் விடுவித்துக்கொள்ளவில்லை. ஒரே பிள்ளையை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்துக்கொண்டு, ஒரே படுக்கையில் பத்து வருஷம் தூங்கியிருக்கிறோமே என்று நினைத்தபோது அவளுக்கு அழக்கூட வரவில்லை. நாளைக்கு நானும் உன்னோடு பாலத்துக்கு வரட்டுமா என்று கேட்க நினைத்தாள். கேட்டால் அந்த ஒன்பது வயதுக்காரன் தன்னை அடையாளம் கண்டுகொள்வானா என்று பயமாக இருந்தது. அவள் பத்தொன்பது வயதான வேறொருவனோடு அவ்வளவு தூரம் வந்துவிட்டாள். கேட்கவில்லை.

வாசல் பக்கம் நாற்காலிகள் நகர்கிற சத்தமும் பேச்சுக்குரல்களும் கேட்டன. சொல்லிக்கொள்ளாமல் போவது அந்த ஊரில் யாருக்கும் பழக்கமில்லை. கோட்டு மாட்டிக்கொண்ட இனேகே வீடு முழுக்கத் தேடிவிட்டுக் கொட்டகை வாசலுக்கே வந்துவிட்டாள். அவளிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. யார்தான் சொல்வது? இங்கேயா இருக்கிறீர்கள் இரண்டு பேரும் என்று சிரித்துக்கொண்டே முதலில் வீட்ஸ்கேயின் கையைக் குலுக்கினாள், அப்புறம் ரூலஃபின் பக்கம் திரும்பினாள்.

"மறுபடியும் வாழ்த்துக்கள். நல்லா இருங்க. பையன்கிட்டயும் மறக்காம சொல்லிடுங்க, பக்கத்து வீட்டு இனேகே வாழ்த்து சொன்னாங்கன்னு."

ரூலஃப் வாளியிலிருந்து எழுந்து நின்றான். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்து மரியாதையாகக் குலுக்கினான்.

"காலைல பாப்பேன்," என்றான். "சொல்லிடறேன்."